கோசலாவின் கையுறை

ஜோடி ஜோடியாகத்தான் நடக்க வேண்டும் என்று மூசா காக்கா சொன்னதுமே சுகந்தா விஜியின் பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. விஜி அதற்குள் கோசலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் இறங்கிவிட்டாள்.

சுகந்தாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காட்டுப் பனி முழுவதும் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவே பாதை வெள்ளை வெளேர் என்று மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மூசா காக்கா தன் கையை நீட்டி, "வாங்கோ, நாம ஒரு ஜோடி" என்றார். வேறு வழியில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மூசா காக்கா காயல்பட்டினத்துக்காரர். ஷார்ஜாவில் துணிக்கடை. ஒவ்வொரு டிசம்பரிலும் அமீரகத் தேசிய தின விடுமுறைக்குத் தமிழ்க் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு ஜார்ஜியாவுக்கு வந்துவிடுவார். ஜாக்கெட், பூட்ஸ், கறுப்புக் கையுறை எல்லாம் அவரே வாடகைக்குக் கொடுப்பார். யாருக்கும் எதுவும் அளவாக இருக்காது. சுகந்தாவுக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் இன்னொரு சுகந்தாவையும் உள்ளே விட்டுப் பொத்தான் போடலாம். கோசலா மட்டும் கடைக்குப் போய்ப் புதிதாகச் சிவப்புக் கம்பளிக் கையுறை வாங்கி வந்திருந்தாள். அதுவும் சுகந்தாவின் கண்ணைக் குத்தியது.

ஷார்ஜாவின் முவைலாவில் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் வீடு சுகந்தாவுக்கும் விஜிக்கும். சுகந்தா யாழ்ப்பாணத்துக் கோப்பாய், விஜி மலையகத்தில் ஹட்டன் பக்கம். ஊரில் இருந்திருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். இங்கே வந்து உடன்பிறப்புப் போல ஆகிவிட்டார்கள். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் கீழே இறங்கி, கட்டிடங்களைச் சுற்றி நடந்து, மூலைக் கடையில் ஆளுக்கொரு ஏலம் மணக்கும் கரக் டீ குடித்து, கணவன்மாரையும் மேனேஜர்மாரையும் திட்டித் தீர்த்துவிட்டு மேலே வருவார்கள். சுகந்தாவுக்கு அந்த நடை இல்லாவிட்டால் இரவு சாப்பாடு இறங்காது.

அந்த நடைக்குள்தான் போன வருடம் கோசலா புகுந்தாள். கோசலாவின் கணவன் தாரகனும் விஜியின் கணவன் கோபாலசாமியும் ஒரே கம்பெனி. கோசலா சின்னப் பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் வாய் ஓட்டை. ஆரம்பத்தில் சுகந்தாவுக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகத்தான் விஜி அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். நடக்கும்போது இருவரும் முன்னால் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். சுகந்தா கிட்ட வந்ததும் பேச்சு பாஸ்மதி அரிசிக்கு மாறியது.

சுகந்தா அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாதது நேற்று பஸ்ஸில் நடந்தது. கோசலா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, விஜி அக்காவின் கிரைண்டர் நல்ல சோக்காய் அரைக்கிறது என்று சொன்னாள். எந்தக் கிரைண்டர் என்று கேட்டதற்கு, விஜி அக்கா தனக்கே தந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கிரைண்டர் விஜி விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அதில்தான் மாவு அரைத்தார்கள். சுகந்தா உளுந்தை ஊறப்போட, விஜி அரிசியை ஊறப்போடுவாள். அதைத் தூக்கி நேற்று வந்தவளுக்குக் கொடுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். இரவு ஹோட்டலில் சுகந்தா கணவன் சுஜந்தனிடம் சொல்லி அழப் பார்த்தாள். ஒரு மிஷினுக்கா இவ்வளவும் என்று அவன் திரும்பிப் படுத்துவிட்டான்.

இப்போது அந்தச் சுஜந்தன் கோபாலசாமியின் மேல் பனியை உருட்டி எறிந்து விளையாடிக்கொண்டு முன்னால் போனான். கோபாலசாமி திருப்பி எறியாமல் சும்மா சிரித்தார்.

பாதி வழியில் ஒரு மரக் கொட்டகை. மூசா காக்கா ஃபிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேநீர் ஊற்றினார். அதற்குள் எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள். அமீரகத்தில் வாட்ஸப்பில் எழுதத்தான் முடியும், பேச முடியாது. வெளிநாட்டில் கால் வைத்தால் போதும், நம்மவர்களுக்கு வாட்ஸப் கால் வெறி பிடித்துவிடும். கொட்டகையைச் சுற்றிக் காடே வீடியோவாக யாழ்ப்பாணத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. கோசலாவும் இடது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாய்க்குப் பனியைக் காட்டினாள். காட்டும் உற்சாகத்தில் கையுறை கீழே விழுந்தது.

சுகந்தா பார்த்தாள். குனிந்து எடுத்தாள். எடுத்ததைக் கொடுக்க வாயைத் திறந்தவள், கோசலா போனை விஜியின் முகத்துக்குத் திருப்பி, "அம்மா, இதுதான் என்ர விஜி அக்கா" என்றதைக் கேட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டு கையுறையைத் தன் பெரிய ஜாக்கெட்டின் பைக்குள் திணித்தாள். கொஞ்ச நேரம் விறைக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தது இனிப்பாகத்தான் இருந்தது.

அந்த இனிப்பு நிலைக்கவில்லை. கையுறையைத் தேடி அலுத்துப்போன கோசலாவுக்கு விஜி தன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டாள். தன் வெறுங்கையைக் கோசலாவின் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள். சுகந்தா செய்த வேலைக்கு இருவரும் இன்னும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

உச்சியில் காடு விலகி, மலைகள் தெரியும் ஓர் இடம் வந்தது. மூசா காக்கா படம் எடுக்கக் கோசலாவையும் மற்றவர்களையும் அந்தப் பக்கம் கூட்டிப் போனார். விஜி மட்டும் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று கையை ஊதிக்கொண்டிருந்தாள். சுகந்தா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"கிரைண்டரை ஏன் அவளுக்குக் குடுத்தனி?"

விஜி கையை ஊதுவதை நிறுத்தினாள். சுகந்தா விடவில்லை. கேட்டால் நானே புதுசு வாங்கித் தந்திருப்பேன் அவளுக்கு, உனக்கு நான் அலுத்துவிட்டேன் என்றால் முகத்துக்கு நேரே சொல், முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்காதே என்று கொட்டித் தீர்த்தாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

விஜி அவளையே பார்த்தாள். "ஒன்பது வருசமா கல்ஃப்ல இருக்க. கிரைண்டர யாரு சும்மா தூக்கிக் குடுப்பா?"

சுகந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கட்டிடத்தில் எத்தனை பேரை இருவருமாக வழியனுப்பியிருக்கிறார்கள். முதலில் மீன்தொட்டி போகும், பிறகு கட்டில், பிறகு கிரைண்டர். கிரைண்டர் வீடு மாறினால் டிக்கெட் எடுத்தாயிற்று என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அது ஏன் போனது என்று யோசிக்காத சுகந்தாவுக்கு, யாருக்குப் போனது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

கோபாலசாமியின் பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. விசா கேன்சல். தை பிறக்கும் முன்னே குடும்பத்தோடு ஹட்டனுக்குப் போகிறார்கள். தாரகன் அதே ஆபீஸ் என்பதால் கோசலாவுக்கு விஷயம் தானாகவே தெரிந்துவிட்டது. சுகந்தா சந்தோஷமாக வந்து போகட்டும், இந்தப் பயணம் முடிகிறவரை அவளுக்குத் தெரியக்கூடாது என்று விஜி நினைத்தாள்.

"அவ வாயி சும்மா இருக்காது. உன்கிட்ட ஒளறிருவான்னுதான் கூடவே சுத்துனேன். அந்த கிரைண்டரும் அவ வாய அடைக்கக் குடுத்ததுதான்."

முதலில் சுகந்தாவுக்கு வந்தது சந்தோஷம். கோசலா இல்லை, கோசலா ஒன்றுமே இல்லை, எல்லாம் தனக்காகத்தான். அந்தச் சந்தோஷம் நெஞ்சு முழுக்க நிறைந்து நின்றது. அதற்குப் பிறகுதான் விஜி போகிறாள் என்பது விளங்கியது. பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஜி அவளைத் தூக்கக் கையை நீட்டினாள். வெறுங்கை. விரல் நுனியெல்லாம் சிவந்து, விறைத்துப் போயிருந்தது. சுகந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு அந்தச் சிவப்புக் கையுறையை எடுத்தாள். மறைக்க ஒரு பொய்யும் வரவில்லை.

"தெரியும்," என்றாள் விஜி. "நீ குனிஞ்சப்பவே பாத்தேன்."

"பாத்திட்டு ஏன் பேசாம நிண்டனி?"

விஜி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எனக்காக இப்படிப் பொறாமப் படுறதுக்கு இனி ஹட்டன்ல யாரு இருக்கா?"

சுகந்தா கையுறையை அவள் கையில் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்தாள்.

யல்லா, சீக்கிரம், இருட்டும் முன்னே இறங்க வேண்டும், ஜோடி சேருங்கோ என்று மூசா காக்கா குரல் கொடுத்தார். கோசலா மூச்சு வாங்க ஓடி வந்து விஜியின் கையைப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ர கையுறை எல்லோ? எங்க கிடந்தது?"

"வழியில," என்றாள் சுகந்தா.

கோசலா தன் கையை நீட்டினாள், கையுறைக்கா விஜிக்கா என்று தெரியவில்லை. சுகந்தா இரண்டையும் கொடுக்கவில்லை. விஜியின் கையைத் தன் கையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். முவைலாவில் இனி அந்தக் கரக் கடை வரைக்கும் கோசலாவோடுதான் நடந்தாக வேண்டும். நடக்கலாம். இன்றைக்கு மட்டும் அவள் மூசா காக்காவோடு பின்னால் வரட்டும்.