ஹிராத்தாவின் நாற்காலி

ஹிராத்தாவைப் பார்த்தாலே முரளிதரனுக்கு வயிறு எரியும். இருவருக்கும் சிட்னியில் ஒரே ஜப்பானிய வங்கிக் கிளையில்தான் வேலை. ஆனால் ஹிராத்தா டோக்கியோ தலைமையகம் அனுப்பிய ஆள். கல்லூரி முடித்த கையோடு வங்கியில் சேர்ந்தவர். அறுபது வயது வரை அவரை யாரும் அசைக்க முடியாது. கடல் தெரிகிற வீட்டுக்கு வாடகை வங்கி கட்டியது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வங்கிதான். முரளி உள்ளூரில் எடுத்த ஆள். கடன் கேட்டு வருகிற கம்பெனிகளை அலசி ஆராய்வது அவன். கையெழுத்துப் போடும் துணை மேலாளர் ஹிராத்தா. அந்த நாற்காலியில் டோக்கியோக்காரரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததே இல்லை.

"அந்த மனுஷன் அப்படி என்னத்தக் கிழிக்கிறாரு?" நார்த்மீட் புறநகரில் இருந்த வீட்டில் தினமும் முரளியின் பாட்டு இதுதான். ஹிராத்தா என்ற பெயர் வந்ததும் அவன் மனைவி ராதா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

இந்த வருஷம் தலைமையகத்தின் போக்கு மாறியது. எத்தனை வருஷம் உழைத்தாய் என்ற கேள்வியே இனி இல்லை, லாபம் காட்டுகிறவனுக்குத்தான் பதவி. ஐம்பத்திரண்டு வயது ஹிராத்தாவை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி முரளிக்கு என்று முடிவாயிற்று. முரளிக்குத் தலைகால் புரியவில்லை. ஹோம்புஷ் பகுதியில் ஒரு ஹோட்டலில் நண்பர்களுக்கெல்லாம் விருந்து வைத்தான்.

கடைசி நாள் ஹிராத்தா லிஃப்ட் வாசலில் நின்று எல்லோரையும் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர். முரளியும் குனிந்தான். முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை வேறு எப்படி மறைப்பது?

அன்று மாலையே மேலாளர் கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். இரண்டு வருஷ ஒப்பந்தம். லாபம் குறைந்தால் நடுவிலேயே அனுப்பிவிடுவார்கள். வீடு, பள்ளிக்கூடச் சலுகை எதுவும் கிடையாது, அதெல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று. இத்தனை வருஷம் ஏங்கியதை வேண்டாம் என்று சொல்ல முரளிக்கு வாய் வரவில்லை. சரி என்றான்.

ஹிராத்தாவுக்குக் கிடைத்ததெல்லாம் தனக்கு இல்லையே என்று அவன் வீட்டில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, இனியாவது அந்த மனுஷனை விட்டுத் தொலைக்கக் கூடாதா என்றாள் ராதா. பாவம், வேலை போய் நிற்கிறவர் மேல் இன்னும் என்ன பொறாமை?

முரளி தட்டில் இருந்த சோற்றைத் தொடவே இல்லை.

"இருபத்தொம்பது, முப்பது வருஷம் அந்தாளு நிம்மதியா தூங்கியிருக்காரு, ராதா," என்றான். "அது போச்சேன்னு அழுதாரு. நாளைக்கு என்னைய அனுப்புனா, போச்சேன்னு அழ எனக்கு என்ன இருக்கு?"