மூன்றாம் பொத்தானுக்கு இடப்புறம்

லிஃப்ட்காரர் இறந்த ஒன்பதாம் நாள், பூட்டிய அலமாரிக்குள் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையில், மூன்றாம் பொத்தானுக்கு இரண்டு விரற்கடை இடப்புறமாகத் தக்காளிச் சாறு சிந்தியிருந்தது. அலமாரியைத் திறந்த அவர் மனைவியின் கண்ணில் முதலில் பட்டது கறைதான். இருபத்தெட்டு வருடங்களாகச் சலவை நிலையத்தில் கறை எடுக்கும் மேசையில் நிற்பவள் அவள். தெரு முழுவதற்கும் அவள் கறைக்காரி. தொழில் பழக்கத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஈரம் காயவில்லை, சிந்தி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எண்ணெய் அதிகம், உப்பு குறைவு. கரண்டி விளிம்பால் மேலாக வழித்தெடுத்து, துணியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றி, இரண்டு சொட்டு வினிகர் வைத்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் உலர்த்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான், சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டது யார் என்ற கேள்வி அவளுக்கு வந்தது.

அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் சிந்துகிறவர் உலகத்தில் ஒருவர்தான். ஆறு மாடித் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டிய அவர், மதியச் சாப்பாட்டை ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் கரண்டியுமாக நின்றபடியே சாப்பிடுவார். நான்காவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கும், கரண்டி சாயும், சொட்டு போய் மூன்றாம் பொத்தானுக்கு இடப்புறம் உட்காரும். திங்கள்தோறும் சட்டையைத் தூக்கிக்கொண்டு சலவை நிலையத்துக்கு வருவார். ஏழாவது வாரம் கறையை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இது நேத்து சிந்தினது. ஞாயித்துக்கிழமையும் உங்க லிஃப்ட் ஓடுதா?" அவர் முகம் சட்டையிலிருந்த தக்காளியை விடச் சிவந்தது. மறு மாதமே கல்யாணம் ஆயிற்று. இருபத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் பெரிய சண்டை என்று ஒன்றே ஒன்றுதான், அதுவும் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. சாப்பிட்ட கையைச் சட்டையின் கீழோரத்தில் துடைத்து, அப்படியே பேன்ட்டுக்குள் செருகிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது.

"உள்ள போறதுதானே, யார் கண்ணுல படப்போகுது?"

"என் கண்ணுல படும். இன்னொரு தடவை ஓரத்துல கை துடைச்சீங்க, விரலை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்."

அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் துடைத்ததில்லை. ஒரு மதியம், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் அவர் உயிர் பிரிந்தது. ஆறாம் மாடியில் கதவு திறந்தபோது முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார். கடை கொடுத்திருந்த சட்டைகள் இரண்டு, ஒரே துணியில் வெட்டியவை. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றது அலமாரியில் தங்கியது. அங்கே சிந்தினால் இங்கே விழுகிறது, இங்கே அலசினால் அங்கே வெளுக்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள்.

அன்று முதல் வாரத்துக்கு நான்கைந்து நாள் கறை வந்தது. அடுத்த வீட்டிலிருந்த அவருடைய தங்கை, காலைப் பேருந்துக்கு முன்னால் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

"அண்ணி, அண்ணன் என்ன சாப்பிட்டுச்சு?"

"பீட்ரூட்."

"அய்யோ, அதுக்கு பீட்ரூட்டைக் கண்டாலே ஆகாதே!"

"அங்க எவ சமைக்கிறாளோ, போட்டதை வாயை மூடிக்கிட்டு திங்கிறாரு. என் கையால திங்கறப்ப மட்டும் நாக்கு ஏழு முழம் நீளும்."

சொல்லிக்கொண்டே கிளிசரினைத் தடவிக்கொண்டிருப்பாள். முட்டைக்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும்; எண்ணெய்க்குச் சோளமாவைத் தூவி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்; காபிக்கு வினிகர். மூன்று நாள் தொடர்ந்து வெறும் கஞ்சித் தடம் வந்தபோது அவருக்கு வயிறு சரியில்லை என்று கவலைப்பட்டாள். நான்காம் நாள் சாக்லேட் விழுந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், ஆனால் தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வீட்டுப் பல் வைத்தியர் மட்டும், அங்கே இனிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்து, மீன் எண்ணெய்க் கறையை ஆறு நாள் அப்படியே விட்டுவிட்டாள். ஆறு நாளும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அழுக்குச் சட்டையை அவர் உயிரோடு இருந்தபோதே மறுநாள் போடமாட்டார். ஏழாம் நாள் எழுந்து அலசிப் போட்டாள், மாலைக்குள் கடுகுச் சாந்து வந்து சேர்ந்தது. ஆக, சேதி வேண்டுமென்றால் துவைக்க வேண்டும். துவைக்கத் துவைக்கத் துணி தேயும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் சட்டை செய்தித்தாளின் மேல் கிடந்தபோது, மூன்றாம் பொத்தானுக்கு இடப்புறமாக அன்றைய வானிலைச் செய்தி துணி வழியாகவே தெரிந்தது. சலவை நிலையத்து இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னும் இருபது அலசல் தாங்கும். அதுக்கு மேல தண்ணியைக் காட்டினாலே கிழிஞ்சிடும்."

"ஒட்டுப் போட்டா?"

"ஒட்டு வேற துணிம்மா. அதுல எப்படி விழும்?"

போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. ஒட்டின் மேல் விழ வேண்டியதெல்லாம் எங்கோ போயிற்று, இரண்டு வாரம் சட்டை வெறுமையாக இருந்தது. பிரித்தெடுத்தாள். இருபது பதினைந்தாகி, ஒன்பதாகி, நான்காயிற்று. தேய்ப்பதையே விட்டுவிட்டாள், குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஊறவைத்துக் காத்திருந்ததில் வேலைக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனாள், வாழ்நாளில் முதல்முறையாக. தங்கை வந்து அழுதாள். "போதும் அண்ணி, இனிமே துவைக்காதீங்க. கடைசியா வர்ற கறை அப்படியே இருக்கட்டும். அண்ணன் ஞாபகமா வச்சுக்கலாம்."

"ஞாபகம் எங்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. எனக்கு அவரு இன்னிக்கு சாப்பிட்டாரா இல்லையான்னு தெரியணும்."

ஒரே ஓர் அலசல் மிச்சமிருந்த அன்று, ஒரு முட்டைத் துளியை எடுத்துவிட்டுச் சட்டையை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்புப் பக்கம் வெங்காயச் சருகுபோல் இருந்தது. கைமடிப்பு பரவாயில்லை. கீழோரத்தை எடுத்து விரலால் நெருடினாள். இரண்டாக மடித்து இரட்டைத் தையல் போட்ட ஓரம், கடையில் கொடுத்த அன்று இருந்தது போலவே விறைப்பாக இருந்தது. இத்தனை வருடமாக அதில் யாரும் கை துடைக்கவில்லை. துடைக்கவிடவில்லை. அவள் வெகுநேரம் அந்த ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், தனக்காக வைத்திருந்த தக்காளிச் சாற்றைக் கிண்ணத்தோடு கொண்டு வந்தாள். உப்பு சரியாக இருந்தது. ஆயிரக்கணக்கான துணிகளிலிருந்து கறையை எடுத்திருக்கிறாள், ஒன்றின் மேலும் வைத்ததில்லை. கரண்டியைச் சாய்க்க மணிக்கட்டு சம்மதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்த்தாள். கீழோரத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியதுமே வலது கை தானாகச் சோப்பை நோக்கிப் போயிற்று. இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, சொட்டு காயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கறை பட்ட சட்டை என்று கழற்றிப் போட்டுவிட்டாரோ என்று மூன்றாம் நாள் முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் உடையில் முட்டைக் கறைமேல் வெந்நீரை ஊற்றப் போனவளை இஸ்திரிக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். நான்காம் நாள் தங்கை கேட்கக்கூட இல்லை, வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்தபோது மார்புப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழோரத்தில், அவள் வைத்த சொட்டுக்குப் பக்கத்திலேயே, மூன்று விரல் தடம். மாதுளை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்; லிஃப்ட்டின் கம்பிக் கதவில் என்றோ நசுங்கிய மோதிர விரல் நுனி மட்டும் கொஞ்சம் குட்டையாகப் பதிந்திருந்தது. சிந்தியதல்ல, நன்றாக அழுத்தித் துடைத்தது. அவள் தன் மூன்று விரல்களை அந்தத் தடத்தின் மேல் வைத்துக்கொண்டாள். இன்னும் ஈரம் இருந்தது.

"அண்ணி?" என்றாள் தங்கை, கதவோரத்திலிருந்து.

"மாதுளை. சாப்பிட்டுட்டு ஓரத்துல கை துடைச்சு வச்சிருக்காரு, பாரு."

"திட்டலையா?"

"ஆறு மாடிக்கும் மேல நிக்கிறவரை எங்க போய்த் திட்டுறது?" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள், முன்கையால், விரல்களில் மாதுளை இருந்ததால்.

அதற்கப்புறம் மூன்றாம் பொத்தானுக்கு இடப்புறம் ஒரு சொட்டுகூட விழவில்லை. மீதமிருந்த ஓர் அலசல் இன்னமும் மீதமிருக்கிறது. பேன்ட்டுக்குள் போகிற ஓரம் என்பதால் அவர் அதை அழுக்கு என்று எண்ணுவதில்லை, அவளும் துவைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு சொட்டை எடுத்து அவருடைய தடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள். சட்டையின் கீழோரம் சுற்றிலும் ஐம்பத்திரண்டு அங்குலம். நிறைந்துவிட்டால் ஓரத்தை மட்டும் அலசலாம், இரட்டைத் தையல் தாங்கும் என்று இஸ்திரிக்காரர் சொல்லியிருக்கிறார். ஓரத்துக்கு இன்னும் உள்பக்கம் இருக்கிறது, அதை இஸ்திரிக்காரர் கணக்கில் சேர்க்கவில்லை.