பெட்டி மூலையில் கற்பூரம்

யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி நளீர் அறை வாசல்வரை வந்து, "பாயிஸா, ஊட்டுல கற்பூரம் ஈக்கா?" என்று கேட்டார். அவர் கட்டியிருந்த சாரத்தின் கரை நனைந்திருந்தது. பின்முற்றத்தில் சீலை கட்டி மையத்தைக் குளிப்பாட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைசித் தண்ணீரில் கரைக்கத்தான் கற்பூரம் இல்லை.

இறந்தவன் நளீரின் தம்பி முஹ்ஸின், பாயிஸாவின் புருஷன். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரடங்கு வேளை. பக்கத்து வீட்டு வேன்காரர் கதவைத் திறக்கவே இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எண்பத்தொன்பதாம் வருஷம் அது. ரோட்டில் இறங்குகிறவன் பட்டாளத்திடம் அகப்படுவானா, கிளர்ச்சிக்காரரிடம் அகப்படுவானா என்று யாருக்குத் தெரியும்?

கடை திறந்தால் சுடுவோம் என்று சந்திச் சுவரில் கிளர்ச்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அக்குறணையில் பாதிப் பேருக்குக் கடை இருக்கிறது, ஆனால் ஒரு கட்டிக் கற்பூரம் வாங்க வழியில்லை. பள்ளிவாசல் அலுமாரியில் இருந்ததும் முடிந்துவிட்டது. கொழும்பு லொறி வந்தால்தானே வாங்கி வைக்கலாம்.

பாயிஸா இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே உறைத்தது.

"காரியமில்ல. கட்டாயம் வேணுமெண்டு இல்லயாம், பள்ளி லெப்பை செல்றார்" என்று நளீர் திரும்பிப் போனார்.

கற்பூரம் இருந்தது. இந்த அறையில்தான், அலுமாரிக்குள், வண்டுப் பெட்டியின் மூலையில், வெள்ளைத் துணியில் முடிந்து ஊசி குத்தி வைத்திருந்தது. முஹ்ஸின் பேராதனைக் கெம்பஸில் விலங்கியல் படிப்பித்தவன். கெம்பஸை மூடியபோது மற்றவர்கள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவன் ஒரு மைக்ரோஸ்கோப்பையும் இந்தப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். பெட்டிக்குள் ஒரே ஒரு வண்டு. நக்கிள்ஸ் மலைக்காட்டில், உதிர்ந்த இலைகளைச் சலித்தபோது அகப்பட்டது. நெல்மணி அளவு, குட்டைச் சிறகு, முதுகில் பாதி வெறுமையாக வால்போல நீண்டு கிடக்கும். உலகத்தில் யாரும் இன்னும் பேர் வைத்து எழுதாத இனம் என்று அவன் சொன்னான். திரும்பத் திரும்பப் போய்ச் சலித்தும் அதே போல இன்னொன்று கிடைக்கவில்லை. விபரமெல்லாம் எழுதி முடித்துவிட்டான். பென்சிலால் படங்களைக் கீறியது பாயிஸா. தலை, கொம்பு, கால்கள் முடிந்தன. வால்நுனி மட்டும் மிச்சம். அதுதான் முக்கியம், அதை வைத்துத்தான் இது வேறு இனம் என்று காட்ட வேண்டும்.

"ஒடம்பு இல்லாம பேர் நிக்காது, பாயிஸா. மியூசியத்துக்குக் குடுக்குறவரக்கிம் இத நாமதான் பாத்துக்கணும். கற்பூரம் முடிஞ்சா ஒரு கிழமையில பூச்சி தின்டு தூளாக்கிப் போடும்" என்று முந்தாநாள்கூடச் சொன்னான். அப்போதே அந்தக் கட்டி கரைந்து கொண்டைக்கடலை அளவுக்கு வந்திருந்தது.

இப்போது அவனிடமே கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். வெறும் தண்ணிய ஊத்திக் கொண்டு போங்க, பெட்டியத் தொடாதீங்க என்பான். பாவி மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் போனதோடு இதையும் அவள் தலையில் கட்டிவிட்டான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கல்யாணம் முடித்த புதிதில் அவன் வேலை முடிந்து கற்பூர வாசத்தோடு வந்தால் அவள் மூக்கைப் பொத்துவாள். "மையத்து வாசம் அடிக்கிது ஒங்கள்ல" என்று சொல்லி, கை கழுவாமல் உள்ளே விடமாட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பான். தேய்த்தாலும் போகாது. பிறகு எப்போது பழகியது என்று தெரியாது. பின்னேரம் அந்த வாசம் வந்தால் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைப்பாள், அவ்வளவுதான்.

பின்முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சவர்க்கார வாசம் ஜன்னலால் வந்தது. யாரோ ஒருவனுடைய வாசம், முஹ்ஸினுடையது அல்ல.

பாயிஸா எழும்பி அலுமாரியைத் திறந்தாள். ஊசியைப் பிடுங்கி, முடிச்சோடு கொண்டுபோய்ப் பின்வாசலில் நின்று நளீரைக் கூப்பிட்டாள். அவர் முடிச்சைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கபன் துணி சுற்றிக் கட்டுமுன் முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கற்பூர வாசத்துக்குப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். பாயிஸா குனிந்தாள். காது மடலிலும் கழுத்திலும் அதே வாசம். பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து நிற்கிறவனின் வாசம். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவளைப் பிடித்துத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஊரடங்கு தளர்த்திய நேரத்துக்குள் அடக்கிவிட்டு வந்தார்கள். நளீர் அந்தத் துணியை உலர்த்தி மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது தம்பிட சாமானுகள்ல ஈந்ததா?"

"ஓ, நளீர் நானா" என்று தலையாட்டினாள்.

"இனி அதுக்கு என்ன செய்ற?"

பாயிஸா அலுமாரியைத் திறந்தாள். துணியைப் பெட்டி மூலையில் பழைய இடத்திலேயே குத்தி வைத்தாள்.

புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போக முடியாது. போனாலும் கெம்பஸும் இல்லை, கொழும்புக்கு வழியும் இல்லை. எறும்பு வராமல் பெட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்தாள். கரண்ட் இல்லாததால் மைக்ரோஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் இருக்கும்வரை வால்நுனியைக் கீறினாள். காணாததைக் கீற வேண்டாம் என்பது முஹ்ஸின் அவளுக்குப் படிப்பித்த ஒரே சட்டம். ஒரு முள்ளுக்கு ஒரு கோடு, ஒரு மயிருக்கு ஒரு கோடு. மழை மூட்டமான நாளில் பென்சிலைத் தொடமாட்டாள். அப்படி இரண்டொரு நாள் வீணாகப் போனது.

வலது பக்கம் முடிந்த மறுநாள் காலை மூடியைத் திறந்தாள். வண்டுக்குக் கீழே இருந்த வெள்ளைச் சீட்டில் சிட்டிகை அளவு பழுப்புத் தூள். லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வாலின் இடது பக்கம் இல்லை. தூளுக்குள் வெறும் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறப் பூச்சி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

பென்சிலை எடுத்து நடுக்கோட்டில் ஊன்றினாள். இடது பக்கமும் வலதைப் போலத்தான் இருந்திருக்கும். கீறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பென்சிலைக் கீழே வைத்தாள். தாளில் நடுக்கோட்டோடு நின்றது வால். மூலையிலிருந்த துணியைக் கழற்றி மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் துணி.