மூன்றாம் ஆட்டம் ஜினிஷாவின் முறை

செஞ்சிக் கல்லூரியின் பெண்கள் பேஸ்பால் அணியில் பந்து எறிவதற்கு மூவர் இருந்தனர். முதல் ஆட்டத்துக்கு எழில், இரண்டாவதற்கு மகாலட்சுமி, மூன்றாவதற்கு ஜினிஷா என்று முறைப்பட்டியலை எழுதியவள் கேப்டன் கலைவாணி. எறிபவரின் தோளுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகவே இந்த முறை. ஆயினும் கலைவாணி இன்னொன்றையும் கவனத்தில் கொண்டிருந்தாள். ஜினிஷா சமணக் குடும்பத்துப் பெண். சதுர்த்தசிதோறும் தண்ணீரும் அருந்தாமல் உபவாசம் இருப்பவள். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து, இடையூறில்லாத புதன்கிழமை ஆட்டத்தை அவளுக்கு ஒதுக்கியிருந்தாள்.

புதனன்று மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று. வெள்ளிக்கிழமை சதுர்த்தசி.

கலைவாணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜினிஷாவின் பெயரை அடித்துவிட்டு எழிலின் பெயரை எழுதினாள். விரதம் இருப்பவளிடம் ‘உன்னால் முடியுமா’ என்று கேட்பது மரியாதையாகாது என்பது அவள் எண்ணம். முடியும் என்று தானாகப் போய்ச் சொல்வது கேப்டனை மீறுவதாகும் என்பது ஜினிஷாவின் எண்ணம். இப்படி இரண்டு மரியாதைகளுக்கு நடுவே அந்த முறை எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது.

மண்டலத்தில் நான்கு அணிகள். இரண்டு ஆட்டங்களையும் வென்று செஞ்சி அணி நான்கு புள்ளிகளோடு நின்றது. திண்டிவனத்து அணிக்கும் அதே நான்கு. வெள்ளியன்று வெல்பவருக்கு முதலிடம். முதலிடம் பெற்ற அணி மட்டுமே பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். ஜினிஷா மூன்றாம் ஆண்டு மாணவி; அணி தொடங்கியதோ இந்த ஆண்டுதான். இன்று தோற்றால், ஓர் ஆட்டத்திலும் ஒரு பந்துகூட எறியாமலே அவளுடைய கல்லூரிக் காலம் முடிந்துவிடும்.

வெள்ளி பிற்பகலில் அவள் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் அமர்ந்திருந்தாள். மழை கழுவிவிட்ட ராஜகிரிக் கோட்டை மலை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அருகில் வந்து நின்றது. ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த பாறைகள், யாரோ எறிந்து எறிந்து களைத்துப் போட்டுவிட்டுப் போன பந்துகளாகத் தோன்றின. வயிறு வெறுமையாக இருந்தது. உடம்பு இலேசாகி, அமர்ந்த இடத்திலிருந்து சற்றே மிதப்பது போலவும் இருந்தது. ஆரவாரம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப் போல மெல்ல வந்தது.

கடைசி இன்னிங்ஸ். செஞ்சி மூன்று ரன், திண்டிவனம் இரண்டு. அவர்களில் இருவர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் வெற்றி. ஆனால் திண்டிவனத்தின் இரண்டு பேர் ரன்னுக்கு ஓடத் தயாராகக் காத்து நின்றனர். எழிலின் பந்துகளோ குறி தவறத் தொடங்கியிருந்தன.

“இன்னாக்கா, கை கயண்டு பூட்ச்சா?” என்று எதிரணிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிண்டலடித்தது.

பந்து பிடிக்கும் இடத்திலிருந்து கலைவாணி எழுந்து எழிலிடம் போனாள். ஜினிஷா எதையும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. கால்கள்தாம் அவளை அழைத்துச் சென்றன.

“கலை, நான் போடட்டுமா?”

“நீ பட்டினி ஜினி. மயக்கம் கியக்கம் வந்துட்டா உங்க நைனாவுக்கு யாரு பதில் சொல்றது?”

“பட்டினி வயித்துக்குத்தான், கைக்கு இல்ல. இது என் முறை. நீதான எழுதின?”

எழில் பந்தை நீட்டினாள். “வாங்கிக்கடி தாயே! காலையிலயே வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?”

“கேக்கலாமான்னு தெரியல.”

“எனக்கும்தான் தெரியல,” என்றாள் கலைவாணி மெதுவாக.

“நல்லா இருக்குது நியாயம். உங்க ரெண்டு பேரையும் கட்டி வச்சு ஒதைக்கணும்!” என்று சொல்லிவிட்டு எழில் தோளைப் பிடித்தபடி நடந்தாள்.

கலைவாணி நடுவரிடம் மாற்றத்தைத் தெரிவித்துவிட்டுத் தன் இடத்தில் குந்தினாள்.

ஜினிஷா எறிந்தாள். பந்து அவள் நினைத்த வேகத்தில் போகவில்லை. காற்றில் யோசித்துக்கொண்டே செல்வது போலச் சென்றது. மட்டை பிடித்து நின்ற, எழிலின் வேகத்துக்குப் பழகியிருந்த திண்டிவனத்து நெட்டைப் பெண், பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டாள். இப்படி மூன்று தவறினால் அவுட். ஒன்று.

அடுத்ததற்கு அவள் காத்திருந்தாள். காத்திருந்தும் பொறுமை போதவில்லை. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டு, அதுவும் தவறாயிற்று. இரண்டு.

மூன்றாவதை முழு பலத்தோடு எறிய வேண்டும் என்று ஜினிஷா விரும்பினாள். இருந்த பலம் அத்தனையும் திரட்டினாள். பந்து முன்னைவிடவும் மெதுவாகக் கிளம்பி, வெயிலில் வெள்ளையாக மிதந்து போயிற்று. மட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்த பிறகே அது கலைவாணியின் கையுறைக்குள் மெத்தென்று இறங்கியது.

பந்து திரும்பி வரும் என்று ஜினிஷா கையுறையை விரித்தபடி நின்றாள். அது வரவில்லை. கலைவாணி முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, பந்தும் கையுமாக அவளை நோக்கி ஓடிவந்தாள்.

“பந்தைக் குடு கலை, இன்னும்...”

“இன்னும் இன்னா இன்னும்? முடிஞ்சுபோச்சுடி! இனிமே எந்த நாளா இருந்தாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன்!”