சங்கு ஊதினதும்

கிழக்கு வெளுக்கும் முன்பே கன்டெய்னர் யார்டில் கட்டை தூக்கும் வேலை தொடங்கிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வரிசை கட்டி நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக உறுமி விழிக்க, உள்ளே ஆட்கள் எண்ணெய் ஊறிய மரக்கட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். கன்டெய்னரை வெறுந்தரையில் வைக்க முடியாது. மூலைக்கு மூலை கட்டை வேண்டும். கட்டை கொஞ்சம் விலகினாலும் பெட்டி சாயும். பனியில் ஊறிய கட்டையின் விளிம்பு தோளை அறுக்கும். மணலிப் பக்கத்துக் காற்று வந்தால் கண் எரியும், துறைமுகப் பக்கத்துக் காற்று வந்தால் கரித்தூள் பல்லில் நெறுநெறுக்கும். இரண்டும் வராத நாளை அங்கே யாரும் பார்த்ததில்லை.

அந்த ஆட்களுக்கு நடுவே கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நர்மதா நடந்து வந்தாள். முன்பெல்லாம் இந்த நேரத்தில், "இன்னா கம்ப்யூட்டரம்மா, சாப்ட்டியா?" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். ஒரு வாரமாக ஒரு குரலும் இல்லை. அவள் கடந்து போகும்வரை கட்டையைப் பார்ப்பதும், கடந்த பிறகு முதுகைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பெற்ற தாய் திட்டினால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவியே டிப்ளமோ படிக்க வைத்தார். படிப்புக்குக் கிடைத்தது இந்த ஒப்பந்த வேலை. வாசல் கேட், எடைமேடை, கிரேன், ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் தான் செய்ததைத் தன் நேரத்தோடு எழுதி நர்மதாவின் அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். லாரி வந்தது, எடை போட்டது, உத்தரவு போனது, பெட்டி இறங்கியது. எல்லாம் நேர வரிசைப்படி ஒரே பட்டியலாக அடுக்கி நிற்கும். இயந்திரத்துக்காக வைத்த குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். யார்டில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் அங்கே இருப்பதுதான் யாருக்கும் நினைவிருக்காது. விபத்துக்குப் பிறகு அதுவும் மாறிப் போயிற்று. இப்போது எல்லோருக்கும் நினைவிருந்தது, விரோதமாக.

போன வாரம் கட்டையை நேராக்கக் குனிந்த நீலமேகத்தின் கால்மேல் பெட்டி இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிரேனில் இருந்தவன் தண்டபாணி. அவ்வளவு உயரத்தில் இருப்பவனுக்குப் பெட்டியின் அடியில் ஆள் இருப்பது தெரியாது. தரையிலிருப்பவர்கள் வெளியே வந்து பச்சைக்கொடி காட்ட வேண்டும். அதைப் பார்த்து ஆபீஸிலிருந்து 'இறக்கு' என்று உத்தரவு அனுப்ப வேண்டும். அது தன் திரையில் வந்த பிறகே அவன் இறக்க வேண்டும். அதுதான் முறை.

"உத்தரவு வந்திச்சி, எறக்குனேன். என் கொயந்த மேல சத்தியம்" என்று தண்டபாணி கதறினான்.

முதலாளி கருணாகரன் நர்மதாவிடம் அன்றைய பதிவைக் கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தாள். அவள் வேலை அது. அந்தத் தாளில் 'பெட்டி இறங்கியது' என்பது மேலே இருந்தது. 'இறக்கு' என்ற உத்தரவு அதற்குப் பல நிமிடங்கள் கழித்துக் கீழே இருந்தது. முதலாளி அதில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். தண்டபாணி சஸ்பெண்ட். திங்கட்கிழமை விசாரணை, அப்புறம் போலீஸ். கம்பெனிமேல் குற்றமில்லை, தொழிலாளியின் காலைத் தொழிலாளியே நசுக்கினான் என்று கதை முடிந்தது.

அந்தத் தாளை அடித்த கை நர்மதாவின் கை. அதைத்தான் அவர்கள் மன்னிக்கவில்லை.

நீலமேகத்தின் மனைவி பச்சையம்மாவுக்கு யார்டு வாசலில்தான் டீ வண்டி. மூடிக் கிடந்த வண்டி அன்றைக்குத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தாலும் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

"ஒரு டீக்கா. மாமா எப்டி கீறாரு?"

பச்சையம்மா கிளாஸை அவள் கையில் கொடுக்கவில்லை. பலகைமேல் வைத்தாள்.

"இல்லாத காலைத் தடவித் தடவிப் பாத்துகினு கீறாரு. நேத்து தண்டபாணி வந்து வார்டு வாசல்ல நின்னான். இவுரு மூஞ்சத் திருப்பிக்கினாரு. ஒரே தட்டுல துன்னவங்கம்மா ரெண்டு பேரும். அவன்மேல எயுதிக் குடுன்னு முதலாளி ஆள் வுட்டுகினே கீறாரு." அவள் நேராகப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. உன் கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுக்கா."

சொல்லிவிட்டாளே தவிர, டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தாள். அறைக்கு வந்ததும் பழைய பதிவுகளைத் திறந்தாள். விபத்துக்கு முந்தின நாளைப் பார்த்தாள். அங்கேயும் பெட்டி முதலில், உத்தரவு பிறகு. அதற்கு முந்தின நாளும் அப்படியே. போன மாதமும் அப்படியே. எந்தப் பெட்டியை எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் வைக்க வேண்டும் என்பது உத்தரவில்தான் இருக்கும். உத்தரவே வராமல் ஒரு மனிதன் மாதக்கணக்கில் ஒரு பெட்டிகூடத் தவறாமல் சரியான இடத்தில் வைத்திருக்கிறான் என்றால் அவனுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும். அச்செடுத்த தாள்களை மடியில் போட்டுக்கொண்டு நர்மதா தன்னையே நொந்துகொண்டாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் கடிகாரத்தைப் பார்த்து உண்மை எழுதியது. கடிகாரங்கள்தான் ஒன்றாக ஓடவில்லை.

சாயங்காலம் நேரே முதலாளியிடம் போனாள். போயிருக்க வேண்டாம்தான். ஆனால் நியாயத்தைச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பும் வயது அது.

கருணாகரன் தாள்களைப் புரட்டினார். "அப்போ தினம் தினம் தப்பு பண்ணியிருக்கான். ஒரு நாள் மாட்டிக்கிட்டான்."

"இல்ல சார். எங்க வைக்கணும்னு தெரியாம எப்படி சார் சரியா வைப்பாரு? ஆபீஸ் கடிகாரம் முன்னாடி ஓடியிருக்கும், இல்லேன்னா கிரேன் கடிகாரம் பின்னாடி ஓடியிருக்கும். இதைப் போடும்போதே இன்ஜினியர் சொன்னாரு, எல்லா மெஷினும் ஒரே கடிகாரத்தைக் கேட்டு நேரம் வெச்சுக்கணும்னு. நீங்கதான் கடிகாரத்துக்கு எதுக்குத் தனிச் செலவுன்னு விட்டுட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நல்லவேளை சொன்னே. நாளைக்குக் காலையில ஆள் வருவான். எல்லாக் கடிகாரத்தையும் ஒண்ணாக்கிடுவான். அப்புறம் யாரும் எதுவும் பேச முடியாது பாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது இல்ல?"

மூலை மேசையில் கிளார்க் அருள்நாதன் இருந்தார். அவர்தான் உத்தரவுகளைத் தட்டி அனுப்புகிறவர். தலையை நிமிர்த்தவே இல்லை. திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரயில் வருவதற்கு எத்தனையோ முன்பே பிளாட்பாரத்தில் போய் நிற்பவர் என்று யார்டே கேலி செய்யும் மனிதர். அந்தக் கேலி அன்றைக்குத்தான் நர்மதாவுக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினாள்.

திருவொற்றியூர் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஆபீஸ் கடிகாரத்தை முன்னாடி வெச்சது நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. "ராயபுரத்துல எங்க வீட்டுக் கடிகாரமே பத்து நிமிஷம் கூட்டித்தாம்மா ஓடும். லேட்டாயிடுமோ, ரயிலை விட்டுடுவோமோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலயே அங்கயும் கூட்டி வெச்சேன். அது ஒருத்தன் பொழப்புல போய் உக்காரும்னு கண்டேனா?" பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "உத்தரவு அடிச்சதும் நான்தான். கொடி காட்டலையே சார்னேன். கப்பல் உனக்காக நிக்குமா, அடின்னு முதலாளி பின்னால நின்னாரு. அடிச்சேன். அந்த அலறல் ஆபீஸ் வரைக்கும் கேட்டுது நர்மதாம்மா."

"இதை விசாரணையில சொல்லுங்க சார்."

"இந்த வயசுல என்னை யாரு வேலைக்கு எடுப்பா?"

ரயில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். கூட்டம் முழுவதும் ஏறிப் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாதம் முடிந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு வாரமாகச் சாப்பிட்டாயா என்றுகூட யாரும் அவளைக் கேட்கவில்லை. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்தாள்.

கடற்கரைச் சாலையை ஒட்டித் தண்டபாணியின் வீடு. வாசலில் யார்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கேட்டில் லாரிகளைப் பதிவு செய்யும் தமீமும் இருந்தார். எதிரே தன் வீட்டுப் படியில் பச்சையம்மா இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த வாரம்தான் பேச்சு நின்றிருந்தது.

"இன்னா, இன்னொரு தாளு எட்த்தாந்தியா?" என்றான் ஒருவன்.

"ஆமா" என்றாள் நர்மதா. "அஞ்சு வூட்ல அஞ்சு கடியாரம் கீதுன்னு வெச்சிக்கோங்க. ஒண்ணு வேகம், ஒண்ணு மெதுவு. ஒரு வூட்டுக்காரரு கூப்ட்ட நேரத்த அவுரு கடியாரம் பாத்து எயுதுறாரு. இன்னொருத்தரு வந்த நேரத்த தன் கடியாரம் பாத்து எயுதுறாரு. ரெண்டையும் ஒரே தாள்ல அடுக்குனா, கூப்புடறதுக்கு முன்னாடியே வந்து நின்னாருன்னுதான் வரும். தண்டபாணி அண்ணன் கதையும் அதான். உத்தரவு மொதல்லதான் வந்திச்சி. நாளைக்குக் காத்தால முதலாளி ஆள் வெச்சி எல்லாக் கடியாரத்தயும் ஒண்ணாக்கப் போறாரு."

தண்டபாணி படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இத்த அவங்ககிட்ட எப்டிம்மா நிரூபிப்பே?" என்றார் தமீம். "நாளைக்கு ஆள் வந்து சரி பண்ணிட்டா போச்சே."

"அதுக்குள்ள பண்ணணும் பாய். காத்தால பக்கத்து ஃபேக்டரி சங்கு ஊதுறப்ப, எல்லாரும் ஒரே நேரத்துல ஷிப்ட் தொடங்குற பட்டனை அமுக்கணும். நீங்க கேட்டுல. எடைமேடைல ஒருத்தரு. கிரேன்ல இப்ப ஏறுற தீபன். ஆபீஸ்ல ஒருத்தரு. சங்கு எல்லாருக்கும் ஒண்ணு. தாள்ல யாரு நேரம் தனியா வருதுன்னு பாத்துக்கலாம். என் ஒருத்தியால ஆவாது. எல்லாரும் அமுக்குனாதான்."

"ஆபீஸ்ல எவன் அமுக்குவான்? அருள்நாதனா? தன் நெயலைப் பாத்தே பயப்படுற ஆளு."

எதிர்வீட்டுப் படியிலிருந்து பச்சையம்மா எழுந்தாள். ஒரு வாரமாகத் தாண்டாத தெருவைத் தாண்டி வந்து தண்டபாணியின் தலைமேல் கையை வைத்தாள்.

"காத்தால ஆபீசுக்கு டீ எட்த்துகினு போறது நான்தான? நான் கேக்கறேன் அவர."

மறுநாள் விடியற்காலை நர்மதா குளிர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் இருந்த அதே தனிமைதான். ஆனால் இன்றைக்கு நாலு இடத்தில் நாலு பேர் அவளைப் போலவே காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. சால்வையைப் போர்த்திக்கொள்ள மறந்துவிட்டாள்.

சங்கு ஊதியது. யார்டு, நெடுஞ்சாலை, கடலோரம் எல்லாம் ஒருசேர அதிர ஊதியது. திரையில் ஒரு வரி வந்தது: கேட். உடனே எடைமேடை. உடனே கிரேன். மூன்றும் சில நொடிதான் முன்பின். ஆபீஸ் வரவில்லை.

சங்கு நீண்டுகொண்டே இருந்தது. நர்மதா திரையையே பார்த்தாள். அந்த மேசையருகே கையில் கிளாஸோடு நிற்கும் பச்சையம்மாவை நினைத்தாள், அந்தப் பெரியவரின் விரலை நினைத்தாள். சங்கின் ஒலி இறங்கத் தொடங்கியது. அழுத்துங்க சார், அழுத்துங்க என்று வாய்விட்டே சொன்னாள்.

சங்கு அடங்கும் முன் நாலாவது வரி வந்து விழுந்தது. ஆபீஸ். அதில் இருந்தது திருவொற்றியூரில் வேறு யாருக்கும் இன்னும் வந்திராத ஒரு நேரம்.

அச்சு இயந்திரம் ஓடியது. வாக்கி டாக்கியில் உத்தரவுகளைத் தவிர எதுவும் பேசக் கூடாது என்று விதி. அதில் தமீமின் குரல் கேட்டது. "கம்ப்யூட்டரம்மா, சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல பாய்" என்றாள்.

தாளோடு வெளியே வந்தபோது கட்டை தூக்குகிறவர்கள் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அறை வாசலில் நின்றார்கள். பச்சையம்மா டீ கிளாஸை இந்த முறை அவள் கையில் கொடுத்தாள். தீபன் கிரேனிலிருந்து இறங்கி வந்தான். கேட்டுக்கு வெளியே நின்ற தண்டபாணியைத் தமீம் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துவந்தார். கடைசியாக ஆபீஸ் கதவு திறந்து அருள்நாதன் பையில்லாமல் வந்தார். தாளை வாங்கி, நாலாவது வரிக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "கொடி காட்டாமலே அடிச்சதையும் நான் சொல்றேன்" என்றார்.

விசாரணை இன்னும் நடக்கவில்லை. நர்மதாவின் ஒப்பந்தம் மாதம் முடிய இருந்தது. அருள்நாதனின் வேலை அன்று சாயங்காலம்வரை இருக்குமா என்பதே தெரியாது. நீலமேகத்தின் கால் திரும்பப் போவதில்லை. இதெல்லாம் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கடிகாரம் சரிசெய்யும் ஆளோடு முதலாளியின் கார் உள்ளே வந்து நின்றது. கருணாகரன் இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன வேடிக்கை இது? வேலையைப் போட்டுட்டு நிக்கிறீங்களே, மணி என்ன தெரியுமா?"

அருள்நாதன் ஓரடி முன்னால் வந்தார்.

"எந்தக் கடிகாரத்துல சார்?"

ஒருவரும் நகரவில்லை.