கணக்கில் வராத மச்சினன்

மாநிலத்தில் வேலையில்லாதவர் விழுக்காடு இந்த மாதம் குறைந்துவிட்டதென்று டிவியில் அறிவித்துவிட்டு, புள்ளிவிவர அதிகாரி காலரைத் தூக்கிவிட்டபடி வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் மனைவியின் தம்பி அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"குறைஞ்சிருச்சாமே மாமா! அப்போ எனக்கு வேலை கிடைச்சிருச்சா?"

"நீதான் தேடுறதையே விட்டுட்டியேடா! தேடாதவனை வேலையில்லாதவன்னு நாங்க எண்ண மாட்டோம்" என்று பெருமையாகவே விளக்கினார் மனுஷர்.

"நான் எங்க விட்டேன்? ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி உங்க மானத்தை வாங்குறேன்னு நீங்கதானே வீட்டுல உட்கார வெச்சீங்க!"

தூக்கிவிட்ட காலரை அதிகாரியின் கை மெல்ல இறக்கிவிட்டது. இன்று காலை அதற்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்தவன் இவன்தான்.