ஆறு மில்லிமீட்டர் கல்லும் ஒரு சாவியும்

அன்று காலை ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள்:

மேசையில் டோக்கன் கொடுக்கும் கிளாடிஸ்.
பெரியதாழையிலிருந்து மாமியாரோடு வந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணி, டோக்கன் நான்கு.
உப்பளத் தொழிலாளி பேச்சிச்செல்வி, டோக்கன் ஐந்து.
அவளுக்குத் துணையாக வந்த அருணாசலவடிவு. டோக்கன் கிடையாது, வாய் உண்டு.
அதே உப்பளத்தின் கணக்கப்பிள்ளை சிவனணைந்தபெருமாள், டோக்கன் ஆறு. இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி.
இவர்கள் போக, பேச்சிச்செல்வியின் வலது கிட்னியில் ஒரு கல். போன தடவை ஆறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளையை அங்கே பார்ப்போம் என்று பேச்சிச்செல்வி நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. உள்ளே வந்தவர் இவர்களைப் பார்த்ததும் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன?" என்றாள் அருணாசலவடிவு.

"ஒண்ணுமில்லளா. வயித்துல கேஸ்."

"கேஸுக்கு எதுக்கு இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிய?"

அவர் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். பெஞ்சில் வேறு இடம் இல்லாததால் பேச்சிச்செல்விக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று. கிளாடிஸ் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரே மூச்சா குடிச்சிருங்க. நல்லா முட்டுனதும் சொல்லுங்க. நடுவுல யாரும் பாத்ரூம் போயிரக் கூடாது. போனா மறுபடி முதல்லருந்து. பாத்ரூம் சாவி எங்கிட்டதான் இருக்கு."

"பாத்தியா பேச்சி, எங்க போனாலும் சாவி அடுத்தவங்க கையிலதான்" என்றாள் அருணாசலவடிவு. கணக்கப்பிள்ளை மறுபடியும் காலண்டருக்குப் போனார்.

அந்தச் சாவி விவகாரம் இதுதான். தருவைகுளம் ரோட்டில் இருக்கிற அந்த உப்பளத்தில் பம்பு ரூமை ஒட்டி ஒரு கழிவறை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று அவசரமாகக் கட்டியது. வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். மறுநாளே கணக்கப்பிள்ளை அதற்குள் தார்ப்பாய்களையும் மோட்டார் பெல்ட்டுகளையும் அடுக்கிப் பூட்டினார். வெளியே கிடந்தால் களவு போய்விடுமாம்.

ஆண்கள் பம்பு ரூமுக்குப் பின்னால் போனார்கள். பெண்களுக்குப் போக இடம் இல்லை. காக்கா உட்கார்ந்தாலும் அரை மைலுக்குத் தெரிகிற வெட்டவெளி அது. காலை ஐந்து மணிக்கு உப்புப் பாத்தியில் இறங்கினால் மதியம் வீட்டுக்குப் போகிறவரை அடக்க வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. பேச்சிச்செல்வி இருபது வருஷமாக அப்படித்தான் இருந்தாள்.

கொண்டுபோகிற கேன் தண்ணீரை அவர்கள் காலில் ஊற்றினார்கள். உப்பு உள்ளங்கால் வழியாக ஏறிக் கிட்னியில் கல்லாக உட்காரும் என்பது அளத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மணிக்கு ஒரு தரம் கரையேறிக் காலைக் கழுவுவார்கள். கல் வந்தபிறகு பேச்சிச்செல்வி தேங்காயெண்ணெயும் தடவினாள். தொண்டை காய்ந்து கிடந்தது. கால் பளபளவென்று இருந்தது.

போன வாரம் இதைக் கேட்டு டாக்டர் விஜிலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். தண்ணீர் குடிக்காவிட்டால் இந்தக் கல்லுக்குப் பின்னால் அடுத்தது வரும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடி, முடியாதென்றால் அளத்து வேலையை விடு. பேச்சிச்செல்விக்கு வேறு வேலை தெரியாது.

"ஏம்மா, கல்லு எப்படி உள்ள போகும்?" என்று கேட்டாள், பெஞ்சில் பேச்சிச்செல்வியின் சீட்டை எட்டிப் பார்த்த பெரியதாழை மாமியார்.

"கால் வழியா ஏறும்" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஏறாதாம் அண்ணாச்சி" என்றாள் பேச்சிச்செல்வி. "இது வேற உப்பாம். எல்லாரு ஒண்ணுக்குலயும் பொடிப்பொடியா உருண்டு வருமாம். எனக்கும் ஒங்களுக்கும் இந்தப் புள்ளைக்கும். தண்ணி ஓடுச்சின்னா வந்த வழியே போயிரும்."

"பெறவு ஒனக்கு மட்டும் ஏன் நின்னுச்சி?" என்றாள் மாமியார்.

"அங்கதான் இருக்கு சங்கதி. கிட்னிக்குள்ள தலைமுடியவிடச் சன்னமா லெச்சக்கணக்குல குழாய் இருக்காம். குழாய்ச் சொவரு பூராவும் செல்லு. பாத்திக்குத் தரை இருக்கில்லா, அது மாதிரி. நல்லா இருக்க செல்லு மேல வழவழன்னு ஒரு பசை கெடக்கும். பொடி வந்து உக்காந்தாலும் வழுக்கி விட்டுரும். தண்ணியில்லாம, நாளும் பொழுதும் வெயில்ல காஞ்சா, செல்லு அடிபட்டுப் போவுது. பசை போயிருது. உள்ள இருக்க வேண்டியது வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். பொடி அதக் கெட்டியாப் புடிச்சிக்கிடும். அது மேல இன்னொண்ணு. அது மேல இன்னொண்ணு."

கணக்கப்பிள்ளையால் சும்மா இருக்க முடியவில்லை. பாத்தி என்று யாராவது சொன்னால் அவருக்கு அப்படித்தான். உப்புக் காலம் தொடங்குமுன் ஒரு வாரம் ஆட்களை வெறுங்காலோடு தரையை மிதிக்கவிடுவார். பெருவிரலால் அழுத்தி, தடம் விழாவிட்டால்தான் தண்ணீர் பாய்ச்சுவார்.

"மிதிக்காத பாத்தின்னு சொல்லு. வெடிப்பு இருந்தா உப்பு அதுக்குள்ள வேர் விட்ட மாதிரி உக்காந்துக்கிடும். பலகைய வச்சி இழுத்தா களிமண்ணும் சேந்து வரும். தரை சரியா இருந்தா உப்பு தானா விட்டுரும். தரைதாம்ளா எல்லாம்."

"அதத்தான் டாக்டரம்மாவும் சொல்லுதாவ. உப்பக் குத்தம் சொல்லாத, தரையப் பாருன்னு."

"சரி, அந்தச் செல்லு பொடிய ஒண்ணும் செய்யாதா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"செய்யுமாம். கொஞ்சம் பொடிய முழுங்கி உள்ளயே கரச்சிருமாம். ஒண்ணு ரெண்டுன்னா சமாளிக்கும். நிறுத்தாம வந்துக்கிட்டே இருந்தா அது செத்துப்போவும். செத்த செல்லுல இன்னும் நெறைய ஒட்டும்."

"நம்மள மாதிரிதான் அதுவும். குடுக்கதையெல்லாம் முழுங்கிட்டுக் கெடக்கு" என்றாள் அருணாசலவடிவு.

கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அடிபட்டது திரும்பச் சரியாவுமா?"

"ஆவுமாம். பக்கத்துச் செல்லு பெருகி அந்த எடத்த மூடிருமாம். பசையும் வந்துருமாம். தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும். மூணு லிட்டர் குடின்னு சொல்லிருக்காவ."

"குடிக்க வேண்டியதுதான?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பேச்சிச்செல்வி அவர் இடுப்பைப் பார்த்தாள். அருணாசலவடிவும் பார்த்தாள். பெரியதாழைக்காரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் அவர்களும் பார்த்தார்கள்.

"எங்க போவ அண்ணாச்சி?" என்றாள் பேச்சிச்செல்வி.

அவர் வேட்டியை இழுத்துவிட்டுச் சாவியை மறைத்தார்.

கர்ப்பிணியை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறதாம், முகம் தெரியவில்லையாம், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார்களாம். அவள் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மறுபடி உள்ளே போனாள். கதவு சாத்தியே கிடந்தது.

கணக்கப்பிள்ளை முதலில் காலை மாற்றிப் போட்டார். பிறகு எழுந்து நின்றார். நின்றது தப்பு என்று தெரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தது அதைவிடத் தப்பு. நெற்றி வேர்த்தது. வாழ்க்கையில் அவர் ஒரு தடவையும் அடக்கியவரில்லை, அவருக்குப் பம்பு ரூம் இருந்தது.

பேச்சிச்செல்வி பக்கத்தில் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டு சாவதானமாக இருந்தாள். இந்த ஒரு வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஜில்லாவில் ஆள் கிடையாது.

"ஒனக்கு முட்டலயா?"

"முட்டுது."

"பெறவு எப்படி இருக்க?"

"இருபது வருசமா பழக்கி விட்டிருக்கியள்லா."

உள்ளேயிருந்து யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டார்.

"ஏளா பேச்சி. அடுத்தாப்ல ஒன் டோக்கன். எனக்குக் குடுத்துரு."

"தாரேன். சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"ஒங்க இடுப்புல எத்தன சாவி தொங்குது?"

"தார்ப்பா கெடக்குளா உள்ள. மொதலாளி கேட்டா..."

"மொதலாளியா இப்ப முட்டிக்கிட்டு நிக்காரு?" என்றாள் அருணாசலவடிவு.

"ரெண்டு நாளு பொறு. பேசிட்டுச் சொல்லுதேன்."

"சரி" என்றாள் பேச்சிச்செல்வி. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. டாக்டர் கூப்பிட்டாக்கூட இன்னும் சரியா முட்டலன்னு சொல்லுவேன். பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன். தெனமும் இருக்கதுதான."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. கிளாடிஸ் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை நீட்டினாள். சாவி பேச்சிச்செல்வி கைக்கு வந்தது. ஐந்தாம் டோக்கன் அவர் கைக்குப் போனது. கதவு திறந்ததும் கர்ப்பிணி வெளியே வருவதற்குள் அவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்ப வந்து நின்றார்.

"ரொம்ப முட்டிருச்சாம். இவ்வளவு இருந்தா சரியாத் தெரியாதாம். பாதி மட்டும் போயிட்டு வரச் சொல்லுதாவ."

"பாதியா?" என்றாள் அருணாசலவடிவு.

"பாதி."

பெரியதாழை மாமியார்தான் முதலில் சிரித்தாள். கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளாடிஸ் பாத்ரூம் சாவியைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதியில் நிறுத்துவது எப்படி என்று பேச்சிச்செல்வியிடம் கேட்கலாமா என்றுகூட அவர் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

அவருக்கு இடது பக்கம் நாலு மில்லிமீட்டர். ஒரு நாளைக்குக் குடிக்கும் எட்டு டீயைக் குறைக்க வேண்டும், தண்ணீர் மூன்று லிட்டர். பேச்சிச்செல்வியின் கல் கிட்னியை விட்டு இறங்கிச் சிறுநீர் வழிக்கு வந்திருந்தது. இன்று குடித்த மாதிரி தினமும் குடித்தால் தானாக வந்துவிடக்கூடும் என்றார் ஸ்கேன் டாக்டர்.

"நாலுதான? பேச்சிக்கு ஆறு. அவதான் சீனியர்" என்றாள் அருணாசலவடிவு.

மறுநாள் ஏழு மணிக்குப் பெண்கள் தார்ப்பாய்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். பெல்ட்டுகளைப் பம்பு ரூம் ஆணியில் மாட்டினார்கள். களவு போகவில்லை. உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் இருந்தது, அதையும் விரட்டினார்கள். கேன் தண்ணீரை அன்று யாரும் காலில் ஊற்றவில்லை.

ஒன்பது மணிக்குப் பேச்சிச்செல்வி ஒன்றரை லிட்டரை முடித்திருந்தாள். உப்பு வாரும் பலகையைப் பாத்திக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தாள். கழிவறை வாசலில் கணக்கப்பிள்ளை கையில் காலி பாட்டிலோடு நின்றார். பம்பு ரூமுக்குப் பின்னால் அப்போது நாலு பெண்கள் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா பேச்சி, நான் ஒரு நிமிசம் போயிட்டு..."

"டோக்கன் வச்சிருக்கியளா அண்ணாச்சி?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். பேச்சிச்செல்வி உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைக் கடைசி வரை தள்ளிப் போட்டாள்.